திரைநீதியும் தெருநீதியும்

கூண்டிலே நிற்கிறான் குற்றம் சாட்டப்பட்டவன். அனல் பறக்கப் பேசுகிறான். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறார் ஒருவர். "கொலை செய்தது நான்தான்!" என்கிறார். நீதிபதி சுத்தியலைத் தட்டுகிறார். விடுதலை! கொட்டகை அதிரக் கைதட்டுகிறோம்.

நடக்கக்கூடியதா இது என்று நகைப்போர் உண்டு. அவர்கள் கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. நம் நாட்டு நீதிமன்றங்களிலே சுத்தியல் தட்டும் வழக்கம் கிடையாது. 1952இல் வந்த 'பராசக்தி'யிலே உடன்பிறந்த அண்ணனே நீதிபதியாக அமர்ந்து தங்கையின் வழக்கைக் கேட்கிறார். மெய்யான மன்றத்திலே அந்த வழக்கு வேறு நீதிபதிக்குப் போயிருக்கும்.

ஆனால், நம்பமுடியாதவை எல்லாம் பொய்யுமல்ல. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரையே நேராகக் கேட்டு நீதிபதி விளக்கம் பெறவேண்டும். சட்டத்தின் கட்டளை அது. தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் புதிய சாட்சியை அழைக்க மன்றத்துக்கு அதிகாரமுண்டு. 2021இல் வந்த 'ஜெய்பீம்' படத்திலே, ஆட்கொணர்வு மனுவிலேயே சாட்சிகளை விசாரிக்க வேண்டுமென்று வாதாடும் வழக்கறிஞர், கேரளத்து ராஜன் வழக்கை முன்மாதிரி காட்டுகிறார். கற்பனையா அது? இல்லை. 1976இல் காவலர் பிடித்துச் சென்ற மாணவன் வீடு திரும்பவில்லை. தந்தை தொடுத்த மனு, 1977இல் ஒரு முதலமைச்சரையே பதவி விலக வைத்தது!

அப்படியானால் திரை சொல்லும் பெரும்பொய் எது? காலம்! அங்கே மூன்று மணி நேரத்தில் முடிகிறது நீதி. இங்கே வாய்தா, வாய்தா, மீண்டும் வாய்தா! 'ஜெய்பீம்' கதைக்கு மூலமான கொடுமை நடந்தது 1993இல். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 2006இல். 2022ஆம் ஆண்டு முடிவிலே இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர்! குற்றவாளி என்று எந்த மன்றமும் தீர்ப்புரைக்காதவர்கள். கூண்டேறிப் பேசும் நாளுக்கே காத்துக் கிடந்தவர்கள்.

இன்னொரு பொய்யும் உண்டு: கதாநாயகன் வருவான் என்பது. வரமாட்டான், தோழர்களே! நாம்தான் போகவேண்டும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்கும் பட்டியலிலே, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார். எத்தனை ஆலை வாயிலிலே இது தெரியும்?

படம் பார்ப்போம், கைதட்டுவோம். நம் தெருவில் ஒருவரைக் காவலர் அழைத்துப்போனால், தட்டிய அதே கை, மணியைக் குறித்து வைக்கட்டும். மனு எழுதட்டும்!