கருணாபுரத்துப் பிள்ளைகளுக்கு யார் காது கொடுப்பது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தெருவுக்குத் தெரு பாடை கட்டினார்கள். மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், தினக்கூலிகள். குடும்பத்துக்குப் 10 லட்சம், தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தேவையானதுதான். ‘குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?’ என்று டீக்கடையில் கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பவனை அடிக்கும். நாள்கணக்கில் பேசாது. வளர்ந்த பிறகும் படுக்கையை நனைக்கும். சாவைப் பார்த்த பிள்ளைகளிடம் இவை வரும் என்பது குழந்தை மனநலம் படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்பறையில் இதற்கு ஒரே பெயர்தான்: ‘காலனிப் பையன் அப்படித்தான்.’

எனக்கும் அந்தப் பெயர் இருந்தது. அப்பா குடியில் போனபோது நான் ஏழாம் வகுப்பு. நோட்டைக் கிழித்ததற்கு முட்டி போட வைத்தார்கள். ஏன் கிழித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்குச் சேர்ந்தபின் தூக்கம் கெட்டு, நகரத்தில் ஓர் ஆலோசகரிடம் போனேன். நாற்பது நிமிடம் பேசியதும், “சாதியையே நினைச்சிட்டிருந்தா எப்படி நிம்மதி வரும்?” என்றார். கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன், மறுபடி போகவில்லை. (அந்த மாதம் உதவித்தொகையும் வரவில்லை, அது தனிக் கதை.)

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. மலையாளிப் பழங்குடிகள் என்றாலே போலீசுக்குச் சாராய ஊறல்தான் நினைவுக்கு வருகிறது. ஊறலை அழிக்க ஜீப் மேலே ஏறுகிறது. மனநல மருத்துவரைப் பார்க்க மலைக்காரர்தான் ஒருநாள் கூலியை விட்டுக் கீழே இறங்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் இலவசம், தமிழிலும் பேசலாம். அதற்கும் முதலில் சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேட வேண்டும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசுச் செலவிலான மனநலச் சேவையை உரிமை என்கிறது. சாதி பார்த்துப் பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. அதை வைத்துத்தான் கேட்கிறோம். ஜிம்பாப்வேயில் 2006 முதல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2016-இல் ஆய்வும் வந்தது. கருணாபுரத்திலும் மலையிலும் படித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ‘தன்னார்வலர்’ என்று சொல்லி ஏமாற்றாமல் அரசுச் சம்பளமும் கொடுங்கள்.