இருண்ட திரையும் வாசிக்கப்படாத பதிவும்

விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முற்றுப்பெற்றதையடுத்து, நல்ல நிலையிலிருக்கும் பழைய கணினியைத் துறக்க மனமின்றி லினக்ஸை நாடுவோருள், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உடையோர் சிலருக்கு முதல் தரிசனமாக வாய்ப்பது இருண்ட திரையே. அத்தருணத்தில் கணினி பழுதுநீக்கும் நம் தொழிலினர் அவசரப்பட்டு டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுவதும், அதுவும் பலிக்காவிடில் வட்டையே துடைத்து ஆதியிலிருந்து தொடங்குவதும் சகஜமாகிவிட்டன. இதனால் திரை ஒளிபெறுவதும் உண்டு. ஆயினும் காரணம் இன்னதென அறியப்படாமையால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அதே இருள் மீண்டும் சூழ்கிறது.

காரணங்களோ எண்ணற்றவை அல்ல. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே உறைந்து அதனோடு வளர்வன. என்விடியாவின் சொந்த டிரைவரோ புறத்தேயிருந்து வந்து சேர்வதாகலின், கெர்னல் மாறுந்தோறும் அதன் மாட்யூலும் அதற்கிசைய அமைந்தாக வேண்டும். அதனை டிகேஎம்எஸ் என்னும் கருவி உருவாக்கும் கணினிகளில் கெர்னலின் ஹெட்டர் கோப்புகள் இல்லையேல் அம்முயற்சி தோற்கும். மாட்யூல் உருவான பின்னும், செக்யூர் பூட் இயங்கும் கணினியில், பதிவுபெற்ற சாவியால் ஒப்பமிடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்பதில்லை. 2010 முதல் கெர்னலில் இடம்பெற்றுள்ள நூவோ என்னும் திறந்தமூல டிரைவர் முன்னதாகவே கார்டைக் கைக்கொண்டுவிட்டாலும் பின்வரும் என்விடியா டிரைவருக்கு இடமில்லை. 2022 மே மாதத்தில் என்விடியா மூலநிரலைத் திறந்து வெளியிட்ட மாட்யூலும், டூரிங் தலைமுறைக்கு முற்பட்ட கார்டுகளுக்கு உதவாது. பெயரொற்றுமையால் மயங்கி அதனைப் பழைய கார்டுக்கு நிறுவுவோரும் உளர்.

இவற்றுள் எது நேர்ந்ததென்பதற்குக் கணினியே பெரும்பாலும் சாட்சியம் எழுதி வைத்திருக்கிறது. பூட் வரியில் 'நோமோட்செட்' சேர்த்துத் திரையை மீட்டு, 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளையால் கார்டு எதுவென்று தெளிந்து, 'ஜர்னல்சிடிஎல்' கொண்டு முந்தைய துவக்கத்தின் கெர்னல் பதிவை நிதானமாக வாசிப்பவருக்குச் சில நிமிஷங்களில் புலப்படுவதை, வட்டைத் துடைப்பவர் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

ஆகவே நம் தொழிலினரிடம் யாம் வேண்டுவது ஒன்றே: சர்வீஸ் சீட்டில் 'டிரைவர் மறுபடி நிறுவப்பட்டது' என்றெழுதி நிறுத்தாமல், 'ஹெட்டர் இல்லாமையால் மாட்யூல் உருவாகவில்லை' என்பதுபோல் காரணத்தையும் ஒரு வரி குறியுங்கள். அவ்வரியை எழுத இயலவில்லையெனில், பழுது இன்னும் நீங்கவில்லை என்று கொள்க.