நம் வீட்டு மின்விசிறியும் எண்ணூர்ச் சாம்பலும்

சென்னையில் ஐந்து நிமிடம் கரண்ட் போனால் நமக்குப் பொறுக்காது. அது எங்கிருந்து வருகிறது என்றால் எண்ணூர், அத்திப்பட்டு என்று சொல்லவும் தெரியும். எரிந்த நிலக்கரியின் சாம்பல் எங்கே போகிறது என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுவோம்.

அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. ஒழுகிய சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் அலையாத்திக் காட்டிலும் படிந்தது. அந்தச் சேற்றில்தான் இருளர்கள் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சேறு இறாலின் வீடு. நம் வீட்டில் மின்விசிறி சுழல, அதன் வீட்டில் சாம்பல் கொட்டியதை நாம் செலவுக் கணக்கில் எழுதவே இல்லை.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சிப்பி. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆற்றின் அடியில் ஜமக்காளம் விரித்தாற்போல் படர்ந்து, இறால் புதையவும் மேயவும் இடமில்லாமல் செய்கிறது. இறங்குகிறவர் காலையும் கிழிக்கிறது. நாம் ஆசையாய் வாங்கும் வெளிநாட்டுப் பொருளில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளுகிறார்களே என்று நம்மில் பலர் கேலி செய்தோம். சிலர் போய் அள்ளவும் செய்தோம். அதோடு மறந்தோம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி வந்தது. அப்போதும் படகேறி அள்ளியவர்களில் பெரும்பாலோர் எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்கள்தான். நாம் அன்று செய்தது ஒன்றுதான்: எண்ணூர்ப் பக்கத்து மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். உடம்பைப் பார்த்துக்கொண்டது தப்பில்லை. ஆனால் மீன் விற்காமல் போனவர்கள் அந்த மாதம் எப்படி அடுப்பு மூட்டினார்கள் என்று விசாரிக்கத் தோன்றவில்லையே, அதுதான் உறுத்துகிறது. நமக்கு வளர்ப்பு இறால் கிடைத்தது, வருஷம் முழுக்க, ஒரே அளவில், தோலுரித்து.

சற்று வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல இடத்தில் வலை போடும் உரிமையை ஊருக்குள் முறைவைத்துக் கொள்வார்கள். இன்று உனக்கென்றால் நாளை எனக்கு. நாமோ முறையே வைக்காமல் வெளிச்சத்தை நம் பக்கமும் சாம்பலை அவர்கள் பக்கமும் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டோம்.

இனியாவது செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கங்களுக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கும்போது, குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு விதி. அந்த அறிவிப்பைத் தாண்டிச் சினிமாப் பக்கத்துக்குப் போகிறவர்கள் நாம்தான். கூட்டத்தில் எழுந்து பேசுவது அந்தப் பகுதி மக்களின் உரிமை. தள்ளி இருக்கிற நாமும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அந்தக் கரண்டில் ஓடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே எழுதலாம்.