யாரிடம் காசு வாங்குகிறார் உங்கள் ஆலோசகர்?

திருப்பூரில் சிறு பனியன் கம்பெனிகளுக்குத் தொழில் ஆலோசனை சொல்வது என் வேலை. என்னை அழைக்கும் முதலாளிகள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். "நீங்க சொல்ற மிஷினை வாங்கினா, விக்கிறவர் உங்களுக்கு ஏதாவது தருவாரா?" என்று கேட்பவர் குறைவு. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட். பணம் புரளவில்லை, லோன் போட்டு இன்னும் நாலு ஓவர்லாக் மிஷின் வாங்கிவிடலாம் என்று அதை நடத்தும் அண்ணன் நினைத்தார். லோனிலும் மிஷினிலும் கமிஷன் பார்க்கும் ஆள் உடனே தலையாட்டியிருப்பார். பில் ஃபைலைப் புரட்டினேன். ஆர்டர் நிறைய இருந்தது. பணம்தான் ஆர்டர் தரும் பார்ட்டிகளிடம் மாதக்கணக்கில் நின்றிருந்தது.

சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள். 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது: கெடு தாண்டிய பாக்கியை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்டலாம். ஆனால் சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவில், அண்ணனுக்கு 'டிரேடிங்' என்று இருந்தது. வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

"பார்ட்டியைப் பகைச்சுக்க முடியுங்களா?" என்றார். அந்தப் பயம் நியாயமானது. பாதி ஆர்டர் தருபவர் மேல் புகார் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பதிவைத் திருத்தி, உத்யம் எண்ணையும் கெடுத் தேதியையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடிக்கச் சொன்னேன். மார்ச் நெருங்கினால் பார்ட்டியின் ஆடிட்டரே அந்தப் பில்லைக் கையில் எடுப்பார்.

இப்படி ஆலோசனை சொல்ல உண்மைக் கணக்கு என் கண்ணில் படவேண்டும், கைமாற்று உட்பட. தன் பீஸ் ரேட் அடுத்த வீதிக்குப் போய்விடும் என்று அஞ்சுபவர் எதைக் காட்டுவார்? ரகசியம் காக்க ஆடிட்டர் தவறினால் கேட்க, பட்டயக் கணக்காளர்களுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான அமைப்பு இருக்கிறது. எங்கள் தொழிலுக்கு லைசென்ஸே கிடையாது. விசிட்டிங் கார்டு அடித்தவரெல்லாம் ஆலோசகர்.

அதனால் எழுதி வாங்குங்கள்: மிஷின் கம்பெனியிடமோ லோன் ஏஜென்ட்டிடமோ காசு வாங்க மாட்டேன், உங்கள் ரேட்டை வேறு கம்பெனியில் பேச மாட்டேன். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் பில் ஃபைலைத் திறக்காதீர்கள்.