சார்ட் அழகாக இருந்தால் போதுமா?

திருப்புதல் தேர்வு நெருங்கினால் வகுப்பறைச் சுவர்களில் சார்ட்டுகள் முளைத்துவிடும். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ‘ஒளிச்சேர்க்கை’, சுற்றிலும் கிளைகள், கிளைக்கொரு நிறம். படமாக வரைந்துவிட்டால் பாடம் மனதில் பதிந்துவிடும் என்று ஆசிரியர்களும் நம்புகிறார்கள், பெற்றோரும் நம்புகிறார்கள். பதிவதில்லை.

அந்தச் சார்ட்டை யார் வரைந்தது என்று விசாரித்துப் பாருங்கள். குழுவில் கையெழுத்து அழகாக இருக்கிற ஒரு பெண் வரைந்திருப்பாள். இன்னொருவன் ஸ்கெட்ச் பேனா எடுத்துக் கொடுத்திருப்பான். மற்றவர்களின் பங்கு, கீழே இருக்கும் பெயர்ப் பட்டியலோடு சரி. அவளும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்தலைப்புகளை வட்டத்தைச் சுற்றி எழுதியிருப்பாள். பொருளடக்கத்தை வளைத்து எழுதியதற்கு மனவரைபடம் என்று பெயர்! நம் அரசுப் பள்ளிகளின் பாடக்குறிப்பில் மனவரைபடத்துக்கென்றே ஒரு படிநிலை உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சேர்த்தார்கள். இன்று பல இடங்களில் அது குறிப்பேட்டை நிரப்பும் சடங்கு.

மனவரைபடத்துக்கு நெருங்கிய உறவான, கருத்துகளைக் கோடுகளால் இணைக்கும் கருத்து வரைபடத்தை 1970-களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் நோவக். பிள்ளைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறிவருகிறது என்று அறிய அவர் குழு எடுத்த நேர்காணல்கள் மலையாகக் குவிந்தன. அவற்றிலிருந்து பிள்ளைகளின் புரிதலைப் பிரித்தறியவே இந்த வரைபடம் பிறந்தது. அதில் உயிர்நாடி, கோட்டின் மேல் எழுதும் இணைப்புச் சொல். நம் சார்ட்டுகளில் காணாமல் போனதும் அதுதான்.

‘ஆக்சிஜன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சார்ட்டில் அது ஒரு கிளை, கார்பன் டை ஆக்சைடு ஒரு கிளை, நீர் ஒரு கிளை. எல்லாம் சரியாகத்தான் தெரியும். புத்தகத்தை மூடச் சொல்லி, ‘ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது, கோடு போடு’ என்று கேளுங்கள். பலர் கார்பன் டை ஆக்சைடிலிருந்து இழுப்பார்கள். பெயரிலேயே ஆக்சைடு இருக்கிறதே. பக்கத்தில் இருப்பவள் நீரிலிருந்து இழுத்திருந்தால் சண்டை வரும். அந்தச் சண்டைதான் திருப்புதல். (அவள் பக்கமே நியாயம். அறிவியலாளர்கள் ரூபனும் கேமனும் 1941-இல் கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள்.)

புத்தகத்தை மூடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்ப்பிக்கி, பிளன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடத்தைப் பார்த்து வரைபடம் போட்டவர்களைவிட, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் விடை சொன்னார்கள். வரைபடத்தின் எதிரிகள் இதைக் கொண்டாடினார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். அதே இருவரும் 2014-இல், வரைபடத்தையும் நினைவிலிருந்தே போடச் சொன்னபோது அதுவும் நன்றாகவே பலன் தந்தது.

ஆகவே முதலில் ஒவ்வொருவரும் தனியாக, புத்தகம் மூடி, பத்து நிமிடம் வரையட்டும். பிறகு நான்கு பேர் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே கோடு மாறுகிறது என்று பார்த்து, வேறு நிறப் பேனாவால் திருத்தட்டும். தீராத வழக்குக்கு மட்டும் புத்தகம் திறக்கலாம். எடுத்த எடுப்பிலேயே குழுவாக உட்கார வைத்தால் பழையபடி அந்தக் கையெழுத்துக்காரப் பெண்ணே எல்லாம் செய்வாள்.

தப்பாக வரைந்தால் தப்பே பதிந்துவிடாதா என்பார்கள். அந்தத் தப்பு ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது, தாளுக்கு வந்தால்தான் திருத்த முடியும். திருத்தாமல் விட்டால் கேடுதான். ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டியது அதனால்தான். போர்ஷன் முடிக்க நேரமில்லை என்ற புலம்பலைச் சார்ட்டுக்கு நிறம் தீட்டி ஒரு பீரியடைக் கழித்தவர்கள் சொல்வதுதான் வேடிக்கை.

கிறுக்கலும் அடித்தலுமாக இருக்கும் தாள்களை ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் எப்படிக் காட்டுவது என்றும் தயங்குகிறார்கள். தாராளமாகக் காட்டலாம். அவர் ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பி, அவள் தாளில் உள்ள ஒரு கோட்டைத் தொட்டு, இதை ஏன் இங்கே இழுத்தாய் என்று கேட்கட்டும்.