தசரா வேடத்துக்குத் தெர்மாகோல் வேண்டாம்



குலசேகரன்பட்டினம் தசரா வேடப்பொருள்களின் விலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை முற்றிலும் உண்மை. காளி வேடத்துக்குக் கிரீடம், சடைமுடி, கூடுதல் கைகள், சூலம் என எல்லாவற்றையும் கடையில் வாங்கினால், கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கடன்தான் மிஞ்சும். வேடமிட்டு வீடு வீடாகக் காணிக்கை பெற்று அவ்வூர் முத்தாரம்மனுக்குச் செலுத்தும் நேர்ச்சைக்கு இவ்வளவு செலவு ஏன்?

எங்கள் தசராக் குழுவில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, மைதாப் பசையில் காகிதம் ஒட்டிக் கிரீடம் செய்கிறோம். உடுப்பு, வீட்டில் இருக்கும் பழைய பட்டுச்சேலைதான். பத்திரமாக வைத்தால் மறு ஆண்டு இன்னொருவருக்கு உதவும். தெர்மாகோல் கிரீடமோ உடைந்தால் குப்பைதான். மகிஷாசூரசம்ஹார நிகழ்ச்சி முடிந்ததும் அது கடற்கரையில் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சம்ஹாரத்துக்குப் பின் நல்ல நிலையிலுள்ள வேடப்பொருள்களைக் கோயில் நிர்வாகமே பெற்றுவைத்து, அடுத்த தசராவில் வசதியற்ற பக்தர்களுக்கு வழங்கலாம்.

ஒரு வாசகர், உடன்குடி