பார்ப்பதற்கும் கூலி உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பத்துப் பதினைந்து வருஷப் பழைய கார் வைத்திருப்பவர்கள், முழுவதும் படித்துவிடுங்கள். என் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் செய்யக்கூடாத தவறு.

எங்கள் வெள்ளைக் காரை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வெயிலிலும் மழையிலும் வீட்டு வாசலில் நிற்கும். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக மூடினார்கள் அல்லவா? பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போக மனமில்லாமல் காரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டேன். 2023 மார்ச்சில் பாலம் திறந்தபோது பேட்டரி செத்துக் கிடந்தது. ஐந்து வருஷம் உழைத்த பேட்டரி, அதைக் குறை சொல்ல முடியாது. புதிது போட்டேன். அது சரியான செலவு.

தொல்லை அடுத்த வருஷம் ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றும். சில நாள் ஒரே ஒரு 'டிக்' சத்தம், அவ்வளவுதான். திருச்சியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் கொண்டு போனேன். (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.) பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அரை நாள் வண்டிய விடுங்க சார், முழுசா செக் பண்ணிச் சொல்றேன். நானூறு ரூபா ஆகும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் மாத்தாம, சும்மா பார்க்கறதுக்கே நானூறாப்பா?"

அவர் சிரித்துக்கொண்டே "பரவாயில்ல சார்" என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேரே ஒரு பேட்டரி கடை. மீட்டரை வைத்தார்கள், 11.9 வோல்ட். "பேட்டரி போச்சு சார்." வாரண்டி அட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. பழையதைக் கொடுத்து, மேலே 4,200 ரூபாய் போட்டுப் புதிது வாங்கினேன். மூன்று வாரம் குதிரை மாதிரி ஓடியது. பிறகு மறுபடியும் முனகல். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "சார்ஜ் ஏறல, ஆல்டர்னேட்டர் வீக்" என்றார்கள். ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டர் 3,800 ரூபாய். அதுவும் ஒரு மாதம்தான். அடுத்ததாக செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள்.

இதற்குள் மார்கழி வந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசிக்காக வந்து எங்களோடு தங்கியிருந்த என் அக்காவுக்கு ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறல். அவளைக் காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடியும் டிக். பின் சீட்டில் அக்கா மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. முன்னால் நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து தன் வண்டியில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதீர்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை நான் மறக்கப் போவதில்லை.

மறுநாள் அந்த மாணவருக்கே போன் செய்தேன். பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வீட்டுக்கே வந்தார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதுதான் பாடம்.

முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பியை வைத்தார். இன்னொன்றை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் வைத்தார். "இப்ப செல்ஃப் அடிங்க சார்." மீட்டர் 2.8 வோல்ட் காட்டியது. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. காரணம், அந்த இரண்டு இடமும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே இடமாக இருக்க வேண்டும்.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் சேர்க்க, பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை இருக்கும். அதுதான் எர்த் ஸ்ட்ராப். எங்கள் காரில் அது பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து, போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்துக் கிடந்தது. செல்ஃப் அடித்ததும் அவர் அதைத் தொடச் சொன்னார். சுட்டது. "சூடு இருக்கற எடத்துல தடை இருக்கு சார்."

இப்போது கணக்கைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது சுமார் 80 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.8-ஐ 80-ஆல் வகுத்தால் 0.035 ஓம். ஒரு ஓமில் நூறில் மூன்றரைப் பங்கு! ஸ்ட்ராப்பைக் கழற்றி மீட்டரின் கன்டினியூட்டியில் வைத்தால் 'பீப்' என்று அடித்து, எல்லாம் சரி என்றுதான் சொல்லும். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். பாரம் ஏற்றினால்தான் குறை வெளியே வரும்.

ஆல்டர்னேட்டரும் இன்ஜினில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அது அனுப்பும் மின்சாரம் திரும்பி வருவதும் அதே ஸ்ட்ராப் வழியாகத்தான். விளக்கெல்லாம் போட்டு ஓட்டும்போது 25 ஆம்பியர் என்றால், 25 x 0.035, கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரிக்கு வந்து சேர்வது 13.3. அளந்தும் காட்டினார். பேட்டரி நாள்தோறும் அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்திருக்கிறது. புது பேட்டரி மூன்று வாரம் தாக்குப்பிடித்தது, கடையில் இருந்து வயிறு நிறைய வந்ததால்தான்.

V = IR. எத்தனை பேரைப் பெஞ்ச் மேல் ஏற்றி இதை ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்! என் வீட்டு வாசலில் அது உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஸ்ட்ராப் 180 ரூபாய். உப்புத்தாள் போட்டு போல்ட் இடத்தைத் தேய்த்து மாட்டினார். சாவியைத் தொட்டதும் இன்ஜின் எழுந்தது. நானூறு ரூபாயை அவர் கையில் திணிக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

இனி என் கருத்து. பேட்டரி கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. 11.9 வோல்ட் என்பது உண்மை. ஆனால் அந்த பேட்டரி ஏன் காலியானது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு ஒரு பைசா கிடையாது. பொருள் கொடுத்தால் பணம் கொடுக்கிறோம். யோசித்துச் சொன்னால் "இதுக்கா காசு?" என்கிறோம். பிறகு எந்த மெக்கானிக் உட்கார்ந்து யோசிப்பார்? 'மாத்திப் பாருங்க சார்' என்ற வைத்தியத்தை அவர்களுக்குப் பழக்கியது நாம்தான். பொருளே கொடுக்காமல், சொல்லிக்கொடுத்து மட்டுமே முப்பத்து மூன்று வருஷம் சம்பளம் வாங்கிய நான், இன்னொருவர் அறிவுக்கு நானூறு ரூபாய் கொடுக்க யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

"பழைய வண்டியைத் தள்ளிவிடுங்கள், டாக்ஸி கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று உறவினர்கள் சொல்கிறீர்கள். வயதும் கண்ணும் சொல்லும்போது விற்கிறேன். 180 ரூபாய்ப் பட்டைக்காக விற்க மாட்டேன். பேட்டரியை மாற்றவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் நான்கைந்து வருஷம் உழைத்ததென்றால் அதற்கு வயதாகிவிட்டது. கேள்வி கேட்டுவிட்டு மாற்றுங்கள் என்கிறேன்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் காலி.

2. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. முழு சார்ஜ் இருந்தும் மளமளவென இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இறங்காமலே செல்ஃப் முனகினால் ஒயரிலோ மோட்டாரிலோ குறை.

3. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஃபேன் போட்டும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் முதலில் பெல்ட் தளர்வா, டெர்மினல் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

4. மேலே சொன்ன எர்த் சோதனை. மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றை நெகடிவ் முனையில் இருந்து நேரே இன்ஜின் உலோகத்துக்குக் கொடுத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். சட்டென்று எடுத்தால் எர்த்தில்தான் குறை.

5. எல்லாம் சரியாக இருந்தும், நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறதா? எங்கேயோ கசிவு. நெகடிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. ஓடினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுத்தால் குறைகிறதோ அந்த வழி. டிக்கி விளக்கு அணையாமல் இருந்தாலே 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சில நாளில் காலி. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

செய்யவே கூடாதது ஒன்று. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி நிக்கல, அப்ப டைனமோ ஓகே" என்பார்கள் சிலர். அது டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி, டயோடும் மற்ற எலக்ட்ரானிக்ஸும் போய்விடும். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். ஊற்றுவதானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், காவிரித் தண்ணீர் நமக்குத்தான்.

இதெல்லாம் முடியாதென்றால் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அவர் ஒன்றுமே மாற்றாமல், காரணத்தை மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால், பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், அந்த எலக்ட்ரீஷியனின் நம்பர் வேண்டுபவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பார்ப்பதற்கு இப்போதும் நானூறு ரூபாய்தான். வகுப்பில் அவர் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் போட்ட மார்க்கின் மேல் எனக்கே இப்போது நம்பிக்கை இல்லை.

ஆசிகளுடன்,
உங்கள் சார்